பத்து சென்ட் தோட்டத்துக்கு ஏற்ற பறவை எது? கோழி, காடை, கினிக்கோழி, வான்கோழி, வாத்து: ஓர் ஒப்பீடு

வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட், இருபது சென்ட் இடத்தில் கீரைப் பாத்தியும் கத்தரி, வெண்டை, மிளகாயும், வேலியோரம் முருங்கையும் வாழையும் வைத்திருப்பவர்கள் அடுத்ததாகப் பறவை வளர்க்க எண்ணும்போது, எது அதிகம் முட்டையிடும், எதற்கு விலை அதிகம் என்பதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். பண்ணை வைப்பவருக்கு அது சரியான கேள்வி. தோட்டம் வைத்திருப்பவரோ அதற்கு முன்பே வேறு இரண்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பறவையின் காலும் அலகும் என் மண்ணை என்ன செய்யும்? அது பக்கத்தில் நிற்கும் இன்னொரு பறவைக்கு எந்த நோயைக் கொடுக்கும்? இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வாரச் சந்தையில் கோழிக்குஞ்சும் வான்கோழிக்குஞ்சும் கினிக்கோழிக்குஞ்சும் அடுத்தடுத்த கூண்டுகளில் விற்கப்படுவதால், வீட்டிலும் அவை அப்படியே சேர்ந்து வளரும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. வீடு, கிணறு, வாசல் போக மீதமிருக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் சதுர அடியை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். அரை ஏக்கர் உள்ளவர்களுக்கு எங்கே முடிவு மாறும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

நாட்டுக்கோழியிலிருந்து தொடங்குவோம். சிறுவிடையோ பெருவிடையோ, ஒரு பெட்டை ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டை வரை, மூன்று நான்கு ஈடுகளாக இடும். முட்டை மட்டுமே வேண்டுமென்றால் ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட கிராமப்ரியா போன்ற இனம் 200 முட்டை அளவுக்கு இடும். ஆனால் அது அடை உட்காராது, அடுத்த தலைமுறைக் குஞ்சுகளை விலைகொடுத்துத்தான் வாங்க வேண்டும். நாட்டுப்பெட்டையோ 21 நாள் அடைகாத்துப் பொரித்து, குஞ்சுகளுக்கு மேயவும் பருந்தின் நிழல் விழுந்தால் ஒளியவும் தானே பழக்கிவிடும். வீட்டுத் தோட்ட அளவில் இந்தத் தாய்மைக்கு நான் முட்டை எண்ணிக்கையைவிட அதிக மதிப்புத் தருகிறேன். மின்விளக்கால் குஞ்சுக்குச் சூடு தரும் பெட்டியும் அதற்கான கவலையும் மிச்சமாகின்றன என்பதே காரணம்.

கோழியோடு தோட்டத்துக்கு உள்ள தகராறு முழுவதும் அதன் காலில் இருக்கிறது. காலையில் தண்ணீர் விட்ட பாத்தியில் ஒரு பெட்டை நுழைந்தால், இரண்டடி முன்னே வைத்து, இடக்கால் வலக்கால் மாற்றிப் பின்னோக்கிச் சீய்த்து, சற்றே பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்த்து, புழு கண்ட இடத்தில் கொத்தும். இப்படியே அரை மணி நேரம் போனால், முளைத்து நான்கு நாளான தண்டுக்கீரை வேரோடு மேலே கிடக்கும். கத்தரிச் செடியைச் சுற்றிப் பரப்பிய மூடாக்கு நடைபாதைக்கு வந்திருக்கும். வெயில் ஏறியதும் மண்குளியலுக்காகச் செடியின் தூரிலேயே குழி பறித்துப் படுத்துக்கொள்ளும். மிளகாய் காரமாயிற்றே, தொடாது என்று நம்ப வேண்டாம்; காரத்தை உணர்த்தும் பொருள் பறவைகளின் நரம்பை உறுத்துவதில்லை என்பதால், பழுத்த மிளகாயை அவை தயங்காமல் தின்னும்.

அதே காலைத் தோட்டத்துக்கு வேலை செய்ய வைக்க முடியும் என்பதுதான் கோழியின் பக்கத்து நியாயம். அறுவடை முடிந்து காலியான பாத்தியின் மேல் பஞ்சாரத்தையோ, ஆறடிக்கு மூன்றடி அளவில் அடிப்பாகமில்லாத நகர்த்தும் கூண்டையோ வைத்து, மூன்று நான்கு கோழிகளை உள்ளே விட்டால், களை விதையும் கூட்டுப்புழுவும் வெட்டுக்கிளி முட்டையும் போய், மண் கிளறப்பட்டு எருவும் விழுந்திருக்கும். வாழை, தென்னை, வளர்ந்த முருங்கை ஆகியவற்றின் அடியில் அவற்றைத் திறந்தே விடலாம். நாற்று, கீரை, வெங்காயம் இருக்கும் பகுதிக்கு மட்டும் நான்கு ஐந்து அடி உயர வலை கட்ட வேண்டும். பறவையை அடைப்பதைவிடப் பாத்தியை அடைப்பது மலிவு.

காடை இதற்கு நேர் எதிரான பறவை. தோட்டத்துக்கு அதனால் தீங்கும் இல்லை, நேரடியான உதவியும் இல்லை, ஏனென்றால் அது கூண்டைவிட்டு இறங்குவதே இல்லை. திறந்துவிட்டால் பறந்து போகும், திரும்பி வராது. இங்கு வளர்க்கப்படுவது ஜப்பானியக் காடை. நாமக்கல் காடை, நந்தனம் காடை என்ற பெயர்களில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வெளியிட்டவையும் இதன் வகைகளே. ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடுவதால் காத்திருப்பு மிகக் குறைவு. முட்டை ஒவ்வொன்றும் 10 முதல் 12 கிராம். பத்துக் காடை முட்டை இரண்டு நாட்டுக்கோழி முட்டையைவிடச் சற்றுக் கூடுதல் எடை, அவ்வளவுதான். அது அடைகாக்காது, 17, 18 நாளில் பொரிக்கும் குஞ்சுக்குப் பொரிப்பான் வேண்டும். தொடர்ந்து முட்டையிட நாளொன்றுக்குப் பதினாறு மணி நேர வெளிச்சமும் வேண்டும்.

செலவுக் கணக்கில்தான் காடை சறுக்குகிறது. ஒரு காடை நாளுக்கு 25 முதல் 30 கிராம் தீவனம் தின்னும். இருபது காடை என்றால் மாதம் பதினைந்து கிலோவுக்கு மேல், எல்லாமே கடைத்தீவனம். மேய்ந்து பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும் கோழியோடு ஒப்பிட்டால், காடையின் முட்டை உண்மையில் மலிவானதன்று. ஆனால் நூறு சதுர அடியும் இல்லாதவர், நகரத்தில் மாடி வைத்திருப்பவர், சேவல் கூவினால் பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கும் தெருவில் இருப்பவர் ஆகியோருக்கு வேறு வழியில்லை என்பதே அதன் பலம். எச்சத்தட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது எடுக்காவிட்டால் அம்மோனியா வாடை வீட்டுக்குள் வரும். எடுத்தால் நல்ல எரு.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேலிக்குள் தானாக வந்து போகும் கவுதாரியையும் காட்டுக்காடையையும் காட்டுக்கோழியையும் பிடித்து வளர்ப்பதோ, அவற்றின் முட்டையை எடுத்துவந்து கோழிக்கு அடைவைப்பதோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மயிலுக்கோ அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பே உண்டு. ஜப்பானியக் காடைக்கே 2011இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தடை போட்டுப் பிறகு தளர்த்தியது. ஆகவே எங்கிருந்து வாங்கினோம் என்பதற்கு ஒரு ரசீது வைத்திருப்பது நல்லது.

கினிக்கோழியைத் தோட்டக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. அது கோழியைப்போல் ஓயாமல் சீய்ப்பதில்லை. நடந்துகொண்டே இலையின் மேலும் அடியிலும் இருக்கும் வண்டு, வெட்டுக்கிளி, உண்ணி ஆகியவற்றைக் கொத்திக்கொண்டு போகும். ஆடு மாடு கட்டியிருக்கும் வீட்டில் உண்ணிக்காகவே நான்கைந்து வைத்திருப்பது பயனுள்ள ஏற்பாடு. நோய் எதிர்ப்பும் அதிகம். முட்டை பெரும்பாலும் மார்ச் முதல் செப்டம்பர் வரை, ஆண்டுக்கு நூறு வரை கிடைக்கும். ஓடு தடிமனானது என்பதால் கோடையிலும் நாள்பட இருக்கும்.

ஆனால் அதன் குரலை ஒருமுறை கேட்டபின் முடிவெடுப்பது நல்லது. அறியாத ஆள், நாய், பாம்பு, காற்றில் ஆடும் பாலித்தீன் பை என எதைக் கண்டாலும் மொத்தக் கூட்டமும் சேர்ந்து கத்தும். தோப்பு வீட்டுக்கு அது காவல், தெரு வீட்டுக்கு அது சண்டை. இரவில் கூட்டுக்குள் வராமல் மாமரத்தின் உச்சிக்கு ஏறிவிடும். புதிதாக வாங்கியவற்றை நான்கு முதல் ஆறு வாரம் அடைத்துவைத்து, அந்தக் கூடுதான் தன் வீடு என்று பழக்காமல் திறந்தால் பக்கத்து ஊரில் தேட வேண்டியிருக்கும். முட்டையை வேலிப்புதரில் ஒளித்து இடும். தாயாகவும் பொறுப்பற்றது, பனி நனைந்த புல்லில் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு போய்ப் பாதியைச் சாகவிடும். இதற்கு நம் ஊரில் பழகிய தீர்வு, எட்டுப்பத்து கினி முட்டையை அடைக்கோழியின் அடியில் வைத்து 26 முதல் 28 நாள் உட்காரவைப்பதுதான். கோழியம்மாவிடம் வளர்ந்த கினிக்குஞ்சு மாலையில் கூடு திரும்பவும் கற்றுக்கொள்கிறது. பத்து சென்ட்டில் கினிக்கோழி வேண்டாம் என்பதே என் கருத்து. அரை ஏக்கருக்கு மேல் தோப்பு இருந்து, கூப்பிடு தூரத்தில் அயல்வீடு இல்லாதவர்களுக்கு அதைவிட நல்ல பூச்சிவிரட்டி இல்லை.

வான்கோழியைப் பற்றிச் சற்று நீட்டியே எழுத வேண்டியிருக்கிறது. கலந்து வளர்ப்பவர்கள் அதிகம் இழப்பது இதில்தான். தனியாக எடுத்துக்கொண்டால் இது தோட்டத்துக்கு ஏற்ற பறவையே. இந்த ஐந்தில் பசுந்தீவனத்தை இவ்வளவு விரும்பித் தின்னும் பறவை வேறில்லை. தீவனத்தில் பாதி வரை வேலிமசால், முருங்கை இலை, கீரைக்கழிவு, முட்டைக்கோசின் வெளி இலை ஆகியவற்றால் ஈடுகட்டலாம். சேவல் ஆறு மாதத்தில் ஏழு எட்டு கிலோ வரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் விலையும் கிடைக்கும். முதல் மாதம்தான் கடினம். வான்கோழிக்குஞ்சு தானாகத் தீனி பொறுக்கக் கற்பதற்குள் பட்டினியாலேயே செத்துவிடும் என்பதால், முதல் பதினைந்து நாள் ஒரு லிட்டர் தண்ணீரில் நூறு மில்லி பால் கலந்தும், பத்துக் குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டை வீதம் பொடித்தும் ஊட்டச் சொல்வார்கள். தொடக்கத் தீவனத்தில் 28 சதவீதம் புரதம் வேண்டும்.

சிக்கல் கோழியோடு சேரும்போது தொடங்குகிறது. கருந்தலை நோய் என்பது குடலையும் ஈரலையும் தாக்கும் ஓரணு உயிரியால் வருவது. அது கோழியின் குருட்டுக்குடலில் வாழும் சிறு புழுவின் முட்டைக்குள் பத்திரமாக உட்கார்ந்து, எச்சத்தோடு வெளியேறி, மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பார்ப்பதற்கு நல்ல உடல்நலத்தோடு மேயும். அதே மண்ணில் மேய்ந்த வான்கோழியோ கந்தக மஞ்சள் நிறத்தில் கழிந்து, சிறகு தொங்கி, சில நாளில் சாகும். தடுப்பூசி கிடையாது. இதில் தோட்டக்காரருக்கென்று தனிக் கெடுதல் ஒன்றும் உண்டு: அந்தப் புழு முட்டைகளை மண்புழு தின்று தன் உடலில் சேர்த்துவைக்கிறது, மண்புழுவை வான்கோழி விரும்பித் தின்கிறது. மண்புழு நிறைந்த வளமான தோட்டத்தில், முன்பு கோழி மேய்ந்திருந்தால், கோழிகளை விற்றுவிட்டு வான்கோழிக்கு மாறினாலும் ஆபத்து தீர்வதில்லை. வான்கோழி முட்டையைக் கோழிக்கு அடைவைப்பதும் இதனாலேயே வேண்டாம். கினிக்குஞ்சுக்கு நல்ல வளர்ப்புத்தாயாக இருந்த அதே பெட்டை, வான்கோழிக்குஞ்சுக்கு நோயைக் கொண்டுவருகிறது. எனவே வான்கோழி வேண்டுமென்றால் வான்கோழி மட்டும், அதுவும் கோழி மேயாத நிலத்தில்.

வாத்து. நத்தைத் தொல்லை உள்ள தோட்டம் என்றால் இதற்கு நிகர் இல்லை. மழைக்காலத்தில் கத்தரி, வாழைக்கன்று, பப்பாளி நாற்றைத் தின்றழிக்கும் நத்தைகளில், ராட்சத ஆப்பிரிக்க நத்தையின் குஞ்சுகள் உட்பட, அலகுக்குள் அடங்குவதையெல்லாம் விழுங்கும். தட்டைக் கால் என்பதால் சீய்க்காது, ஆனால் இளநாற்றை மிதித்துச் சாய்க்கும், கீரையை மேயும். காக்கி கேம்பல் ஆண்டுக்கு 280 முட்டைக்குக் குறையாமல் இடக்கூடிய இனம், அடைகாக்காது. மணிலா வாத்து முட்டையில் குறைவு, ஆனால் சத்தமில்லாதது, 35 நாள் பொறுமையாக அடை உட்காரும். குளம் அவசியமில்லை, தலை முழுக நனையும் ஆழத்துக்கு ஒரு தொட்டி போதும். அந்தத் தொட்டித் தண்ணீர் ஒரே நாளில் சேறாகும். அதை வாழைக்குப் பாய்ச்சிவிடலாம். வாத்துக்குப் பூஞ்சைநச்சு ஆகவே ஆகாது. ஈரம்பட்ட கடலைப்பிண்ணாக்கைக் கோழி தாங்கினாலும் வாத்து தாங்காது.

வாத்தைக் கோழியோடு சேர்க்கும்போது மூன்று தொல்லைகள். வாத்து நிற்கும் இடமெல்லாம் ஈரமாகும், ஈரக் கூளத்தில் கோழிக்குஞ்சுக்கு ரத்தக் கழிச்சல் வரும். ஆண்வாத்து கோழிப்பெட்டையை மிதித்தால் உட்காயம் ஏற்படும். மூன்றாவது பறவைக்காய்ச்சல்: 2024 ஏப்ரலில் ஆலப்புழையில் எச்5என்1 வாத்துகளில்தான் முதலில் உறுதியானது, 2014இலும் 2021இலும் குட்டநாட்டில் வாத்துகளே அதிகம் அடிபட்டன. காட்டுநீர்ப்பறவையிடமிருந்து வாங்கும் கிருமியை அறிகுறி அதிகமின்றிச் சுமக்கவும் வாத்தால் முடியும். நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தும் அழிக்கப்படும் என்பதால், ஏரிக்கரையிலோ பறவைகள் சரணாலயத்துக்கு அருகிலோ இருப்பவர்கள் வாத்தைத் தவிர்ப்பது தமக்கு மட்டுமின்றித் தெருவுக்கே நல்லது.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் தீனி வைத்து வளர்க்கலாமா என்ற ஆசைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். முட்டைக்கோழித் தீவனத்தில் ஓடு கெட்டிப்படுவதற்காகச் சேர்க்கும் சுண்ணாம்புச் சத்து வளரும் குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கறிக்கோழித் தீவனத்தில் கலக்கும் சாலினோமைசின் வான்கோழிக்கும், மொனென்சின் கினிக்கோழிக்கும் நஞ்சாகலாம். மூட்டையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் பகிர்ந்து போடுவது, விலை மிச்சம் பார்த்துப் பறவையை இழப்பதாகவே முடியும். குருணை, கம்பு, சோளம், தவிடு, அசோலா, கீரைக்கழிவு ஆகியவை எல்லாவற்றுக்கும் பொதுவானவை. கோழிக்குஞ்சுக்குக் கறையான் பிடித்துக் கொடுக்கும் பழைய முறையும் இன்னும் செலவில்லாதது: பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத்துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் மண்ணில் மாலையில் கவிழ்த்துவைத்தால், காலையில் எடுத்துக் குஞ்சுகளின் முன்னே தட்டலாம்.

தோட்டத்தின் பக்கமிருந்து பறவைக்கு வரும் ஆபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாழைக்குப் போடும் குருணை மருந்தைப் பறவை தானியமென்று பொறுக்கும். அவ்வாறு பயன்பட்ட ஃபோரேட் 2020 இறுதியோடு தடைசெய்யப்பட்டுவிட்டாலும், பழைய இருப்பு சில வீடுகளின் மூலையில் இன்னும் கிடக்கலாம். எலிமருந்து தின்று செத்த எலியைக் கோழி கொத்தும். பறவை வளர்க்க முடிவெடுத்த நாளிலேயே தோட்டத்துக்கு இவற்றை நிறுத்தியாக வேண்டும்.

எருவில் இனங்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. கோழி எருவில் தழைச்சத்து 3 சதவீதம் அளவுக்கு இருப்பதால் பச்சையாகப் போட்டால் வேர் கருகும். காய்ந்த இலை, உமி, தென்னைநார்க்கழிவு சேர்த்து மக்கவைத்தே போட வேண்டும். பச்சையாகப் பச்சடிக்குப் பறிக்கும் வெள்ளரி, கொத்தமல்லி, வெங்காயத்தாள் போன்றவற்றுக்கு, மக்காத எரு விழுந்த பாத்தியென்றால் நான்கு மாத இடைவெளி விடுவது பாதுகாப்பு.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பத்து சென்ட் தோட்டத்துக்கு ஐந்தாறு நாட்டுப்பெட்டையும் ஒரு சேவலும், முட்டை போதவில்லையென்றால் தனியே ஒரு காடைக்கூண்டும் என்ற சேர்க்கையையே நான் பரிந்துரைப்பேன். காடைக்கூண்டு கோழிகள் ஏறி எச்சமிட முடியாத உயரத்தில், கூரையின் கீழ் இருக்க வேண்டும்; சளிநோய் கோழியிலிருந்து காடைக்குத் தாவும் என்பதால் காலையில் முதலில் காடைக்குத் தீனி வைத்துவிட்டுப் பிறகு கோழிக்கூட்டுக்குப் போக வேண்டும். அரை ஏக்கர் இருந்தால் காடைக்குப் பதில் கினிக்கோழி. நத்தை மிகுந்த, நீர்வசதியுள்ள, ஏரியிலிருந்து விலகிய இடமானால் வாத்து, தனித் தண்ணீரும் தனி இரவுக்கூடும் வைத்து. எந்தச் சேர்க்கையானாலும் புதிதாக வாங்கிய பறவையை மூன்று நான்கு வாரம் ஒதுக்கிவைத்த பிறகே பழையவற்றோடு விட வேண்டும். சந்தையிலிருந்து வரும் வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழிக்கழிச்சல் நோய் ஒரு வாரத்தில் கூட்டையே காலி செய்யும். ஏழாம் நாள் கண்ணில் விடும் சொட்டு மருந்தும் எட்டாம் வாரம் போடும் ஊசியும்தான் அதற்குத் தடுப்பு.

தொடங்கும் மாதமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாங்கும் குஞ்சு, எந்த இனமானாலும், ஈரத்திலும் குளிரிலும் பாதி போய்விடும். பொங்கல் கழிந்து தை மாதக் கடைசியில் வாங்கினால் நிலம் காய்ந்திருக்கும். பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர் ஊராக நடத்தும் இரண்டு வாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கும் எட்டு வாரம் கடந்த பறவைகளைக் கொண்டுபோகலாம். அதற்கு முன்பாக மார்கழியிலேயே பாத்திக்கு வலையும், கீரியும் மரநாயும் நுழையாத கம்பிக்கூடும் கட்டி முடித்திருக்க வேண்டும்.